அட்டையில் நின்ற சகூர்

துப்பாக்கி வாங்க வருகிறவனிடம் பேசிப் புரியவைத்துவிடலாம். தோட்டா வாங்க வருகிறவனிடம் அது நடக்காது. அவன் வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு பண்ணிக்கொண்டு வருவான். நம்மிடம் கேட்பதெல்லாம் ஒப்புக்குத்தான். ஆன்டலர் கிராசிங்கில் இந்த இரும்புக்கடையை என் தகப்பனார் காலத்திலிருந்து நடத்துகிறோம். முள்கம்பி, ஆணி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து, தோட்டா எல்லாம் என் கையைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். வில்டாவுக்கு வாய் நீளம் என்பார்கள். சொல்லட்டும். வாய் இல்லாத ஆளிடம் தோட்டா வாங்கிப்போய்க் கால் விரலைச் சுட்டுக்கொண்டவர்கள் இந்த வட்டாரத்திலேயே உண்டு.

அந்த மே மாதம் ஒருநாள் ஆரின் டன்கில் உள்ளே வந்து, தொப்பியிலிருந்த பனியை நான் அப்போதுதான் துடைத்துவிட்ட தரையில் தட்டினான். பிக்ஹார்ன் மலைக்குக் கீழே எங்களுக்கு மே மாதப் பனி புதுசில்லை. செம்மறிகள் குட்டி போட ஆரம்பித்தால் வானத்துக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

"வில்டாக்கா, உன் கடையில இருக்கிறதுலயே ரொம்ப இறுக்கமான சோக் எது?"

"எதுக்கு?"

"எதுக்கா? கயோட்டிக்குத்தான். வேற எதுக்கு, கல்யாணத்துக்கா?"

"தோட்டா?"

"இருக்கிறதுலயே பெரிய ரவை. ரெட்டைச் சைபர். அந்த ஒத்தக் காதன் உடம்புல ஜன்னல் வைக்கணும்."

சோக் என்பது குழல் முனையில் திருகி மாட்டும் விரல் நீள இரும்புக் குழாய். அதன் வாய் சுருங்கினால் ரவைகள் ஒட்டிப் போகும், விரிந்தால் பரவிப் போகும். இவ்வளவுதான் சூத்திரம். ஆனால் பாதிச் சூத்திரம் தெரிந்தவன் கையில்தான் எல்லாக் கெடுதலும் நடக்கும்.

"ஆரின், பெரிய ரவைய இறுக்கமான வாய்க்குள்ள தள்ளினா என்ன ஆகும் தெரியுமா? சின்ன வாசல் வச்ச சர்ச்சுல தீப்பிடிச்ச மாதிரி ஆகும். ஒண்ணு மேல ஒண்ணு முட்டி மோதி, வெளிய வந்ததும் திசைக்கொண்ணா ஓடும்."

"எங்கண்ணன் கேலன் இதே சோக்குலதான் வான்கோழி அடிக்கிறான்."

"அவன் வான்கோழிக்குப் போடுறது கடுகுடா. நீ கேக்குறது கொண்டக்கடல."

"எடுத்துக் குடுக்கா. கடைக்காரி நீ, வாத்தியாரம்மா இல்ல."

எனக்கு வந்ததே கோபம். எடுத்து அவன் முன்னால் டொக்கென்று வைத்தேன். போ, பட்டுத்தான் தெரிந்துகொள்வாய் என்று மனசுக்குள் வாழ்த்தி அனுப்பினேன்.

கயோட்டியை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அது நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சின்னது, புத்தியில் இரண்டுக்கும் அப்பன். அந்த வருஷம் ஆரின் வீட்டுக் கிடையில் விளையாடிக்கொண்டிருந்தது ஒற்றைக் காது உள்ள கிழட்டு ஆண். விடிந்தால் ஒரு குட்டியைக் காணோம். காவலுக்கு இருந்த பெரிய வெள்ளை நாய் குளிர்காலத்தில் முதுமையில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பதில் வாங்கிய குட்டி இன்னும் செருப்பைக் கடிக்கிற பருவத்தில் இருந்தது. மிச்சம் இருந்தது சகூர். அது ஆடு மடக்குகிற கறுப்பு வெள்ளை நாய். உடம்பு ஒரு கைப்பிடி, நினைப்பு மட்டும் கரடி. பாஸ்க் பாஷையில் சகூர் என்றாலே நாய்தான். நாய்க்கு நாய் என்றே பேர் வைத்த வீடு அது.

பாஸ்க் வழி ஆரினுடையது அல்ல, அவன் பெண்டாட்டி கட்டலினுடையது. அவள் அப்பா ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனே மலையிலிருந்து ஆடு மேய்க்கும் வேலைக்கு வந்து, கூலிக்குப் பதில் ஆடுகளாகவே வாங்கி, மந்தை சேர்த்து மகளுக்கு விட்டுப்போனார். ஆரின் மாட்டுக்காரன் மகன். மாட்டுக்காரன் செம்மறி வீட்டில் பெண் எடுப்பது எங்கள் ஊரில் மதம் மாறின மாதிரி. அவன் அண்ணன் கேலன் இன்றைக்கும் அவனைப் பார்த்தால் "ம்ம்மே" என்றுதான் வணக்கம் சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை, தாயில்லாக் குட்டிகளுக்குப் பால் பொடி மூட்டை கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் அவர்கள் கொட்டகைக்குப் போனேன். உள்ளே வைக்கோலும் ஈரக் கம்பளியும் அயோடினும் கலந்த வாசனை. கட்டலின் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஓர் ஆட்டின் பின்னால் முழங்கை வரை கை விட்டிருந்தாள். குட்டி கால் மடங்கிக் கிடந்திருக்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தடவி நிமிர்த்தி, ஆடு முக்கும்போது இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது ஒரு மஞ்சள் மூட்டை. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்து, தாயின் முகத்துக்கு நேரே போட்டாள். தாய் நக்க ஆரம்பித்தது.

"வாக்கா. காப்பி அடுப்புல இருக்கு. கை கழுவுறதுக்குள்ள அடுத்தது வந்துரும், நீயே ஊத்திக்க."

வேலி ஓரம் ஓர் ஆடு நின்று கத்திக்கொண்டே இருந்தது. மடி கட்டிப் பால் சொட்டுகிறது. குட்டியைக் காணோம்.

"இதுக்கு ஒரு தாயில்லாக் குட்டியச் சேர்த்து விடலாமே?"

"எப்படிக்கா? செத்த குட்டியோட தோல் இருந்தா, அதச் சட்டை மாதிரி வேற குட்டிக்குப் போட்டு ஏமாத்திரலாம். மோந்து பாத்துட்டு, நம்ம பிள்ளதான்னு பால் குடுக்கும். அந்த ஒத்தக் காதன் தோலையும் சேத்துல்ல தூக்கிட்டுப் போறான்." கையை வாளியில் முக்கி எழுந்தாள். "நான் முடிவு பண்ணிட்டேன். குட்டிங்களுக்கெல்லாம் வால் வெட்டுற நாள் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அவன் சாகலன்னா, மந்தை பூராவும் ஏலத்துக்குப் போகுது. எங்கப்பா கயோட்டிக்குப் பந்தி வைக்கிறதுக்கு ஆடு சேக்கல."

"கோவத்துல பேசாதடி."

"கோவத்துல பேசினா கத்துவேன். கத்துறனா?"

கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கட்டலின் ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஆரினைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒரு தடவை சொன்னாள், அவள் அப்பா ஒரு வருஷம் பேசாமல் இருந்தும் கட்டிக்கொண்டாள்.

வெளியே வந்தேன். ஆரின் தண்ணீர்த் தொட்டியில் ஐஸை உடைத்துக்கொண்டிருந்தான்.

"கேட்டியாக்கா?"

"கேட்டேன். உனக்கு நல்லதுதானப்பா. ஆடு போனா மாடு வாங்கலாம். உங்கண்ணன் மேளம் அடிப்பான்."

அவன் கோடாலியைக் கீழே வைத்தான். "அவ பாட்டு நின்னு போச்சுக்கா. வருஷா வருஷம் குட்டி போடுற சமயத்துல அந்தக் கொட்டகையில உக்காந்து அவங்க பாஷையில பாடிக்கிட்டே இருப்பா. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனா அதக் கேட்டுக்கிட்டேதான் நான் இந்த ஐஸ உடைப்பேன், வேலி கட்டுவேன், எல்லாம் பண்ணுவேன். இந்த வருஷம் ஒரு பாட்டு இல்ல." மூக்கை உறிஞ்சினான், குளிர் என்று வைத்துக்கொள்வோம். "எனக்கு மாடு பழக்கந்தான். ஆனா மாட்டுக்கு அவ பாட மாட்டாக்கா."

இந்த மனுஷனையா பட்டுத் தெரிந்துகொள் என்று மனசுக்குள் வாழ்த்தினேன் என்று ஆகிவிட்டது எனக்கு.

அன்று சாயங்காலமே சந்தர்ப்பம் வந்தது. நாங்கள் மூவரும் வாசலில் நின்று செவ்வவரை சூப் குடித்துக்கொண்டிருந்தோம். மேய்ச்சல் ஓரத்து சேஜ் புதரிலிருந்து ஒற்றைக் காதன் வெளியே வந்து, சந்தைக்கு வந்தவன் மாதிரி நின்று நிதானமாகப் பார்த்தான். நாற்பது தப்படி இருக்கும். ஆரின் சத்தமில்லாமல் துப்பாக்கியை எடுத்து, கதவு நிலையில் சாய்ந்து, நன்றாகக் குறி பார்த்துத்தான் சுட்டான். அவன் குறியில் நான் பழுது சொல்ல மாட்டேன்.

ஒற்றைக் காதனுக்கு முன்னாலும் பின்னாலும் மண் பறந்தது. தலைக்கு மேலே ஒரு சேஜ் கிளை முறிந்தது. நடுவில் அவன், தன்னை யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்துவிட்டு, ஓடக்கூட இல்லை, நடந்து போனான்.

கட்டலின் சூப் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன்.

"சிரி, நல்லா சிரி," என்றான் ஆரின். "தோட்டா கோளாறு."

"தோட்டா கோளாறுமில்ல, உன் கண் கோளாறுமில்ல. நாளைக்குக் காலைல வர்றேன். பெரிய அட்டைப்பெட்டி ஒண்ணு தேடி வை. துப்பாக்கிக்கு எது புடிக்கும்னு நீ முடிவு பண்ணக் கூடாது. அதுகிட்டயே கேக்கணும்."

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, இன்னும் இரண்டு சோக்கும் இரண்டு தினுசுத் தோட்டாவும் எடுத்துக்கொண்டு போனேன். பனி உருகி எங்கும் சேறு. வேலிக் கம்பத்தில் புல்வெளிக் குருவி ஒன்று தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தது. குளிர்ப்பெட்டி வந்த அட்டைப்பெட்டியை ஆரின் கொல்லையில் நிறுத்தி வைத்திருந்தான். அதில் கரியால் ஒரு மிருகம் வரைந்திருந்தான்.

"இது என்னடா, பன்னியா?"

"கயோட்டிக்கா."

"கால் அஞ்சு இருக்கு."

"அது வாலு."

கட்டலின் பாலூட்டும் புட்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் உதட்டில் ஓர் அசைவு. புட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, அட்டையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "சகூர்! வா இங்க. நில்லு." நாயை அட்டையோடு பக்கவாட்டில் ஒட்டி நிறுத்தி, ஆட்டு முதுகில் குறி போடுகிற நீலச் சாயக்கட்டியால் அதைச் சுற்றிக் கோடு இழுத்தாள். மூக்கு, காது, முதுகு, வால், கால் எல்லாம். சகூருக்குப் பெருமை தாங்கவில்லை. நாக்கைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. அதே மாதிரி மற்ற பக்கங்களிலும் வரைந்தாள். "கயோட்டி இந்த உசரந்தான் இருக்கும். இப்ப சுடு."

ஆரின் நாற்பது தப்படி நடந்துபோய்த் திரும்பி நின்றான். துப்பாக்கியைத் தோளில் வைத்தான். வைத்தபடியே நின்றான். இறக்கினான்.

"என்ன?"

"இது சகூர்டி."

"அட்டைடா அது!" என்றேன் நான்.

"அட்டைதான். ஆனா சகூர் அட்டை. பாரேன், அந்த இடது காது மடங்கினது, அப்படியே இருக்கு. என்னப் பாக்குது."

"கண்ணே வரையலியே, எப்படிப் பாக்கும்? குடு இப்படி." கட்டலின் துப்பாக்கியை வாங்கினாள். தோளில் வைத்தாள். நான் காத்திருந்தேன். அவளும் மெதுவாக இறக்கிவிட்டு, "சனியன், மூக்கக் கொஞ்சம் கம்மியா வரைஞ்சிருக்கலாம்," என்றாள்.

"குடுங்க, நான் சுடுறேன்," என்று கை நீட்டினேன்.

"நீ சுடக் கூடாது!" என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் கத்தினார்கள். நான் ஏதோ கொலைகாரி மாதிரி.

தங்கள் நாயை நிறுத்திக் குறி வரைந்துவிட்டு, அதைச் சுட மனசு வராமல் விழிக்கிற குடும்பத்தை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. கடைசியில் கட்டலினே சாயக்கட்டியோடு போனாள். படங்களில் ஒரு காதை அழித்தாள். இன்னொரு காதை நீட்டினாள். வாலைப் புதர் மாதிரி ஊதவிட்டாள். பல் வைத்தாள். போதாதென்று கீழே "ஒத்தக் காதன்" என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். ஆரின் சகூரைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டிக்குள் வைத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி உட்காரவைத்தான். "நீ பாக்க வேணாம்பா," என்று வேறு சொன்னான்.

முதலில் அவன் சோக், அவன் ரெட்டைச் சைபர். சுட்டுவிட்டுப் போய்ப் பார்த்தோம். ஒன்பது ரவையில் அட்டையில் பட்டது நாலு. வயிற்றுக்குக் கீழே இரண்டு, தலைக்கு மேலே ஒன்று, வால் நுனியில் ஒன்று.

"மிச்சம் அஞ்சு எங்கக்கா?"

"வயோமிங் மாநிலம் பூரா தேடிப் பாரு."

அவன் ஓட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். நடுவில் அந்த மிருகம் சௌகரியமாக நின்றுகொண்டிருந்தது. "அப்ப நேத்து நான் குறி தப்பல?"

"தப்பல. உன் ரவைதான் அவனுக்கு ஒதுங்கி வழி விட்டுச்சு."

அடுத்தது அகலமான சோக், பொடி ரவை. அட்டை முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆனது. ஆனால் ஓட்டைக்குள் சுண்டு விரல் நகத்தை விட்டுப் பார்த்தால், பாதி ரவை அட்டைக்குள்ளேயே நின்றுவிட்டிருந்தது. "இந்தத் தூரத்துல இது கயோட்டிக்குச் சொறிஞ்சு விடும், அவ்வளவுதான்," என்றாள் கட்டலின். அவளுக்குச் சூடு பிடித்துவிட்டது. அவளே மூன்றாவது தோட்டாவை எடுத்துப் பார்த்தாள். நாலாம் நம்பர் ரவை. பெரிசுமில்லை, பொடியுமில்லை, ஒரு தோட்டாவுக்குள் நாற்பது சொச்சம் இருக்கும். அதற்கு நடுத்தரச் சோக். ஆரின் சுட்டான். மூவரும் ஓடினோம்.

நெஞ்சிலும் தோளிலும் அடை அடையாக விழுந்திருந்தது. ஒரு ரவைக்கும் மறு ரவைக்கும் நடுவே கட்டலினின் உள்ளங்கை நுழையவில்லை. அவள் கையை வைத்து வைத்துப் பார்த்தாள்.

"இதான் அதுக்குப் புடிச்ச சாப்பாடு," என்றேன்.

"சரி, கிட்ட வந்தா?" என்று கேட்டாள் கட்டலின்.

"கிட்ட வந்தா கட்டையாலயே அடிப்பேன்," என்றான் ஆரின்.

"வாய்ப் பேச்சு வேணாம். இருபது தப்படியில சுடு. பாப்போம்."

சுட்டான். அங்கே எல்லா ரவையும் ஒன்றாகப் போய் ஒரே வட்டமாகக் கிழித்திருந்தது. கட்டலின் வீட்டுக்குள் போய் நீல ஈயப்பூச்சுத் தட்டைக் கொண்டுவந்து ஓட்டை மேல் வைத்தாள். தட்டு சரியாக மூடிக்கொண்டது. "நாப்பதுல துவைக்கிற தொட்டி அகலத்துக்குப் பரவும், இருவதுல சாப்பாட்டுத் தட்டுக்குள்ள அடங்கும்," என்றாள். "ஞாபகம் வச்சுக்க."

"வச்சுக்கிட்டேன்."

"திரும்பச் சொல்லு."

"தொட்டி, தட்டு. போதுமா தாயே?"

ஆரினின் இறுக்கமான வான்கோழிச் சோக்கை அவள் சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுபோய் அதில் ஒரு மெழுகுவர்த்தியைச் சொருகினாள். பொருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் தோட்டா தயார் என்றால் கயோட்டி வந்து நிற்குமா? வரவில்லை. வெடிச்சத்தம் கேட்டவன் உஷாராகிவிட்டான். இருட்டில் வந்து இன்னொரு குட்டியைக் கொண்டுபோனான். ஆரின் விடிய விடிய வேலியோரம் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அப்படியே வால் வெட்டுக்கு இரண்டே நாள் என்று ஆகிவிட்டது. ஏலக்காரருக்கு வண்டி சொல்லிவிடட்டுமா என்று கட்டலின் என் கடைத் தொலைபேசியில்தான் கேட்டாள். குரல் வறண்டிருந்தது.

"நாளைக்குக் காலைல ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லு," என்றேன். "நானும் வர்றேன். தோட்டா என் கடையோடது, மானமும் என்னோடது."

மறுநாள் கிழக்கு வெளுக்கிற நேரத்தில் ஓடைக்கரைச் சரிவில், சேஜ் புதருக்குள் படுத்தோம். காற்று எங்கள் முகத்தில் அடித்தது. நல்லது, எங்கள் வாசனை பின்னால் போகும். சகூரை வண்டிக்குள் விட்டு, மூச்சுக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தோம். கட்டலின் இரு கையையும் வாயருகே குவித்து, தாயைக் காணாத குட்டி மாதிரி கத்தினாள். அடடா, அந்தச் சத்தம்! எனக்கே எழுந்துபோய்ப் பால் கொடுக்கலாம் போல இருந்தது. கத்துவாள், நிறுத்துவாள், காது கொடுப்பாள். ஒன்றும் வரவில்லை. சூரியன் மேட்டுக்கு மேல் வந்துவிட்டது. ஆரினின் முதுகு வலியில் நெளிந்தது.

திடீரென்று எங்கள் பக்கத்தில் என்னவோ சர்ரென்று போயிற்று. பார்த்தால் சகூர்! கண்ணாடி இடுக்கு வழியாக எப்படித்தான் வந்ததோ, அந்தக் கைப்பிடி உடம்புக்குத்தான் வெளிச்சம். குட்டி அழுகிறது, இந்த மனுஷர்கள் படுத்துக் கிடக்கிறார்கள் என்று நினைத்திருக்கும். மேட்டைத் தாண்டி மறைந்தது.

"சகூர்!" கட்டலின் அடித்தொண்டையில் கூப்பிட்டாள்.

அப்புறம் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் உறுமல், ஒரு கீச்சு. மறுபடி சகூர் தெரிந்தது. இந்தத் தடவை எங்களைப் பார்த்து, வாலை வயிற்றில் ஒட்டிக்கொண்டு, காது பறக்க ஓடி வருகிறது. பின்னால் ஒற்றைக் காதன். குகையில் குட்டி வைத்திருக்கிற காலம் அது; தன் எல்லைக்குள் வந்த நாயைக் கயோட்டி விடாது. சகூரின் வாலுக்கும் அவன் பல்லுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

ஆரின் முழங்கால் போட்டு எழுந்தான். துப்பாக்கி தோளுக்குப் போயிற்று. நாற்பது தப்படி. எந்தத் தூரத்துக்கென்று தோட்டா பொறுக்கினோமோ, அதே தூரம்.

"சுடாத," என்றாள் கட்டலின். மூச்சுதான் வந்தது, குரல் இல்லை. "தொட்டிடா. தொட்டிக்குள்ள ரெண்டு பேரும் இருக்காங்க."

"தெரியும்."

"தட்டு வரட்டும்."

"தெரியும்டி."

முப்பது. ஆரினின் விரல் நகம் வெளுத்திருந்தது எனக்குத் தெரிந்தது. வேறு எவனாக இருந்தாலும் சுட்டிருப்பான். நானே சுட்டிருப்பேன். சகூரின் பின்கால் முடியை ஒற்றைக் காதன் ஒரு கடி கடித்தான், முடி பறந்தது. சகூர் வீரிட்டது. அந்த வீரிடலில் அது கட்டலினைப் பார்த்துவிட்டது. நேரே ஆரினிடம் வந்துகொண்டிருந்த நாய் சடாரென்று அவள் பக்கம் வெட்டித் திரும்பியது.

இருபது. நடுவில் ஒரு தட்டளவு இடம் பிறந்தது. ஆரின் சுட்டான்.

ஒற்றைக் காதன் ஓடி வந்த வேகத்திலேயே மடங்கி, எங்களுக்கு முன்னால் மண்ணில் சறுக்கி நின்றான். அசைவில்லை.

ஆரின் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சகூர் மேல் விழுந்தான். நாயைப் புரட்டிப் போட்டு, முடியை விலக்கி விலக்கி விரலால் தடவினான். வயிறு, விலா, தொடை, காது. "ரவை படலியே? கட்டலின், பாரேன், ஒண்ணும் இல்லியே? இது என்ன, ரத்தமா? அது என் கை, புதர் கிழிச்சது. என் கைதான்." சகூர் அவன் மூக்கை நக்கியது.

கட்டலின் ஒற்றைக் காதனிடம் போய்க் குனிந்தாள். முகவாய் நரைத்திருந்தது. பல் தேய்ந்திருந்தது. "நல்லா ஒழைச்சவன்," என்றாள். "அவனுக்கும் வீட்ல குட்டிங்க. என் குட்டிங்கள விட்டிருந்தா நானும் உன்ன விட்டிருப்பேன்யா." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏன் அவ்வளவு நேரம் வச்சுக்கிட்டு இருந்த? என் உயிரே போயிருச்சு!"

"நீதானடி சுடாதன்ன!"

"நான் சொன்னா? நான் சொல்றதெல்லாம் கேட்டுருவியா நீ?"

"தட்டு வரட்டும்னு சொன்னது யாரு? வில்டாக்கா, நீயே சொல்லு, யாரு சொன்னா?"

"என்ன இழுக்காதீங்க," என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

வண்டியில் நாங்கள் மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம், கட்டலின் மடியில் சகூர். பாதி வழியில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி முணுமுணுக்க ஆரம்பித்தாள். முதலில் ஜன்னலுக்கு, அப்புறம் நாய்க்கு, அப்புறம் வாய்விட்டே. எனக்கும் அந்தப் பாஷை புரியாது. ஆரின் வண்டியைக் கழுதை நடைக்குக் குறைத்தான். வீட்டு வாசல் வந்தது. நிறுத்தாமல் தாண்டிக் களம் வரை போய் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தான். அவள் கவனிக்கவே இல்லை. அல்லது கவனித்தாள்.

மறுநாள் வால் வெட்டு. அக்கம்பக்கம் முழுக்க வந்துவிட்டது. குட்டியைத் தூக்கித் தருகிறவர்கள், வாலை வெட்டுகிறவர்கள், கிடாக்குட்டிக்கு விதை எடுக்கிறவர்கள், மருந்து போடுகிறவர்கள், முதுகில் நீலக் குறி வைக்கிறவர்கள் என்று ஆளுக்கொரு வேலை. குட்டிகளின் கத்தலில் பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை. கேலனும் வந்து, "ம்ம்மே" என்று வணங்கிவிட்டு, குட்டிகளைத் தூக்கத் தொடங்கினான். இரும்புச் சட்டியில் கிடாக்குட்டி விதைகள் பூண்டோடு பொரிந்தன. அவன்தான் அதிகம் தின்றான். அட்டையை யாரோ வேலியில் கட்டி வைத்திருந்தார்கள். வந்தவர்களெல்லாம் ஒன்பது ரவைப் பக்கத்தைப் பார்த்து ஆரினைக் கிண்டல் பண்ணினார்கள்.

"வாலு நுனியக் கூட விடலியே தம்பி, பெரிய கைகாரன்!" என்றான் கேலன்.

"உன் வான்கோழி புத்திதான்டா அது," என்றான் ஆரின்.

மத்தியானம் கட்டலின் குழியிலிருந்து கனமான இரும்புப் பானையைத் தூக்கி, மூடி மேலிருந்த கங்குகளைத் தட்டிவிட்டு, ரொட்டியைக் கவிழ்த்தாள். ஒரு தலையணை அளவு, பொன்னிறம். அந்த வாசனைக்கு எல்லோரும் கத்தியைப் போட்டுவிட்டு வந்து சூழ்ந்தார்கள். அவள் அப்பா செய்தபடியே கத்தி முனையால் அடியில் சிலுவை கீறினாள். முதல் துண்டை வெட்டினாள். அந்தத் துண்டு யாருக்கு என்று ஊருக்கே தெரியும். மேய்ப்பன் வீட்டில் முதல் துண்டு ஆட்டைக் காத்த நாய்க்கு, மனுஷர்கள் அப்புறம்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஆரின் இதைச் சொல்லித்தான் புலம்புவான்: "முதல்ல ஆடு, அப்புறம் நாயி, மிச்சம் மீதி இருந்தா நானு."

"சகூர், உக்காரு."

சகூர் உட்கார்ந்தது. கட்டலின் கையைத் தாழ்த்தவில்லை. துண்டிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் ஆரினைப் பார்த்தாள்.

"நீயுந்தான்."

"என்ன?"

"உக்காரு."

ஆரின் அண்ணனைப் பார்த்தான். ஊரைப் பார்த்தான். காது வரை சிவந்துபோனான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, சேற்றில், சகூருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கட்டலின் துண்டை இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதி நாய்க்கு, ஒரு பாதி அவனுக்கு.

சகூர் ஒரே முழுங்கு. முழுங்கிவிட்டு ஆரினின் முழங்காலில் ஒரு காலை வைத்து, அவன் கையிலிருந்ததைப் பார்த்தது.

"போடா," என்றான் ஆரின், ரொட்டியை மறுபக்கம் மறைத்துக்கொண்டு. "உனக்குத் தினமும் கிடைக்குது. எனக்கு இன்னிக்குத்தான்."

கேலனுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கங்கு வெக்கையிலும் பசியிலும் நாங்கள் இருபது பேர் தட்டோடு நின்றோம். ஆரின் கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, கடைசிப் பொருக்கு வரை மென்றான். அவன் மென்று முடிக்கும் வரை கட்டலின் அடுத்த துண்டை வெட்டவே இல்லை.